மூன்றாவது படத்தில் வந்த வண்டி

அன்று மாலை அந்தப் பச்சை விளக்கைப் போடச் சொல்லாமல் இருந்திருந்தால், அந்த வண்டி எங்கும் நிற்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்குமா? போயிருந்தால் அந்தக் குழந்தை இன்று என் மகளைப்போலச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்குமா? ஆறு வாரமாக இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒரு நாள் "ஆமாம்" என்று தோன்றுகிறது. மறுநாள் "அது எப்படிச் சொல்ல முடியும்" என்று தோன்றுகிறது. பதில் இன்னும் கிடைக்கவில்லை.

போன மாதம் திருச்சியிலிருந்து என் பழைய மேலாளர் சுகுமாரன் சார் போன் செய்தார். நான் வேலையை விட்டபின் என் இடத்துக்கு வந்திருக்கும் பெண்ணுக்கு நான் வேலை செய்த முறையை நாலு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றார். எழுதி அனுப்பிவிட்டேன். ட்ரைபாட், ஷட்டர், மின்கம்பி, தெருநாய் எல்லாவற்றையும் பற்றி எழுதினேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை. அதை இங்கே எழுதுகிறேன். நாலு வருடம் பார்த்த வேலைக்கு "ஓய்வு பெற்றேன்" என்பது பெரிய வார்த்தைதான். ஆனால் திரும்பப் போகப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

நான் வேலை பார்த்தது கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்யும் ஒரு கம்பெனியில். பழைய நியான் போர்டுகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போர்டு மாட்டித் தருவார்கள். கண்ணாடிக் குழாயை எழுத்தாக வளைத்து, உள்ளே வாயு அடைத்து எரிய விடும் அந்தப் பழைய போர்டுகள் பெரம்பலூரிலும் அரியலூரிலும் நிறைய இருந்தன. லாட்ஜ், ஜவுளிக்கடை, மருந்துக்கடை, சிமெண்ட் டீலர் என்று எங்கும் இருந்தன. கழற்றுவதற்கு முன்பு ஒவ்வொன்றையும் எரியும் நிலையில் ஒரு முறை, அணைத்த நிலையில் ஒரு முறை படம் எடுக்க வேண்டும். இரண்டு மாவட்டமும் என் பொறுப்பு.

படம் எதற்கு என்றால், சண்டை வராமல் இருக்க. கழற்றிய பிறகு கடைக்காரர்கள் "நல்லா எரிஞ்ச போர்டை உடைச்சுட்டீங்க" என்பார்கள். திருமானூரில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் அப்படித்தான் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"மொத்த எழுத்தும் எரிஞ்சுது சார். நான் தெனம் ராத்திரி பாத்துட்டுத்தான் வூட்டுக்குப் போவேன்."

சுகுமாரன் சார் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போனார். நாலாவது எழுத்தில் பென்சில் நின்றது. அது இருட்டாக இருந்தது.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். மறுபடி பார்த்தார். "இது எப்பலேர்ந்து எரியல?" என்று எங்களையே கேட்டார். பிறகு சிரித்துவிட்டார். "சரி விடுங்க, டீ சொல்லுங்க."

அவர் போனபின் சார் என்னைப் பார்த்து, "அதனாலதாம்மா நேரத்தோட எடுக்கச் சொல்றேன்" என்றார். அவ்வளவுதான் அவருடைய பாராட்டு. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. படம் சரியில்லை என்றால் "இது போர்டா, மின்மினியா?" என்று மட்டும் கேட்பார். நான் மறுநாள் முக்கால் மணி நேரம் ஸ்கூட்டி ஓட்டி மறுபடி போவேன்.

கல்லூரியில் மூன்று வருடம் கேமரா பிடித்திருந்தேன். வேலைக்குத் தேவையானதைச் சார் ஒரே மாதத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டார். முழு இருட்டில் எடுக்கக் கூடாது. எழுத்து மட்டும் மிதக்கும், சுவர் தெரியாது. சூரியன் இறங்கிய இருபதாவது நிமிடத்தில் வானம் மைநீலமாக இருக்கும், அப்போது எடுக்க வேண்டும். வெளிச்சம் கூடினால் சிவப்புக் குழாய் படத்தில் வெள்ளையாகிவிடும். நியான் நம் கண்ணுக்கு நின்று எரிவதுபோலத் தெரிந்தாலும் துடித்துக்கொண்டேதான் இருக்கும். ஷட்டர் வேகமாக இருந்தால் பாதி வெளிச்சம்தான் விழும். ரொம்ப நாள் எரியாத போர்டு என்றால் பத்து நிமிடமாவது எரிய விட்டுப் பிறகுதான் கேமராவைத் தொட வேண்டும். முதல் படம் எழுத்துக்கு. இரண்டாவது படம் சுவருக்கு. மூன்றாவது தெருவோடு சேர்த்து, இடம் தெரிவதற்கு. பிறகு அணைக்கச் சொல்லிவிட்டு நாலாவது. கிளம்பும் முன் கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

எதிர்ச்சாரியில் ட்ரைபாடை விரித்துவிட்டு வானம் சரியாக வரும்வரை நிற்க வேண்டும். வேலையின் பெரும்பகுதி அந்த நிற்பதுதான். எல்லோரும் வீட்டுக்குப் போகும் நேரம் அது. பஸ்ஸில் ஜன்னலோரம் இருப்பவர்கள் ஒரு கணம் பார்ப்பார்கள். பூக்கட்டும் பெண் "யாருக்கும்மா காத்திருக்க?" என்று கேட்பாள். "லைட்டுக்கு" என்பேன். அதற்கு மேல் அவளும் கேட்க மாட்டாள். என் கணவர் ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலையில் இருக்கிறார். உள்ளே இருக்கும்போது போனை எடுக்க முடியாது. அதனால் அந்த அரைமணி நேரத்தில் நான் யாருடனும் பேசியதில்லை. அது அப்போது பிடித்தும் இருந்தது என்று நினைக்கிறேன். இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கத்திரி வெயில் மாதம் அது. எனக்கு இரண்டு மாதம். வீட்டில் தவிர யாருக்கும் சொல்லவில்லை. வேப்பந்தட்டையிலிருந்து பெரம்பலூருக்குள் நுழையும் சாலையில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. டாக்டர் அம்மா வயதாகி மகள் வீட்டுக்குப் போய்விட்டதால் ஒரு வருடமாக மூடிக்கிடந்தது. கட்டடத்தை வாடகைக்கு எடுத்த பாத்திரக்கடைக்காரர் எங்களிடம் புதுப் போர்டு கேட்டிருந்தார். அவருடைய கடிதம் என்னிடம் இருந்தது. டாக்டர் அம்மாவின் கடிதம் இல்லை. வாடகைக்கு விட்டாயிற்றே, போதும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கட்டடத்தைப் பார்த்துக்கொண்டவர் ராசு என்ற வாட்ச்மேன். ஐம்பது வயது இருக்கும். போர்டு மாடிக் கைப்பிடிச் சுவரில், சாலையைப் பார்த்து இருந்தது. பச்சை எழுத்து. சுவிட்சு பின்பக்க அறையில்.

"போர்ட மட்டும் எடுத்துக்கங்கம்மா. லைட்டு வேணாம்" என்றார்.

"எரிஞ்சாத்தாண்ணே படம்."

"இந்த லைட்டு எரிஞ்சா டாக்டரம்மா உள்ள இருக்காங்கன்னு அர்த்தம். அவங்க வந்ததும் போடுவாங்க, கெளம்புறப்ப அணைச்சிருவாங்க. ஒரு நா கூட மாறுனதில்ல. மேக்கால இருந்து வர்ற சனமெல்லாம் பச்ச எரியுதான்னு பாத்துத்தான் வண்டியத் திருப்பும்."

"மூடி ஒரு வருசமாச்சுன்னு எல்லாருக்கும் தெரியுமேண்ணே."

"டவுனுக்குத் தெரியும். காட்டுக்கொட்டாயில இருக்குறவனுக்கு யாரு தண்டோரா போட்டது?"

நான் வானத்தைப் பார்த்தேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. "கால்மணி நேரந்தாண்ணே. நான் எதுத்தாப்புலயே நிக்கிறேன். யாராச்சும் வந்தா நானே சொல்லிடறேன்."

இதை நான் சொன்னேன். அவர் அரைமனதாகப் பின்னால் போனார்.

ஆறு நாற்பதுக்கு விளக்கு எரிந்தது. முதலில் இரண்டு எழுத்து மட்டும் விட்டுவிட்டு மினுக்கியது. பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டது. பத்து நிமிடம் காத்திருந்தேன். இவ்வளவு சுத்தமான பச்சையை நான் வேறு எந்தப் போர்டிலும் பார்த்ததில்லை. ஆறு ஐம்பத்தொன்றுக்கு முதல் படம். ஐம்பத்திரண்டுக்கு இரண்டாவது. மூன்றாவதுக்காகக் கேமராவைத் தெருப்பக்கம் கொஞ்சம் இறக்கினேன். ஐம்பத்து மூன்றுக்கு அழுத்தினேன். ஷட்டர் திறந்திருந்தபோது குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று இண்டிகேட்டர் போட்டு அந்த வாசலுக்குள் திரும்பியது.

எனக்கு எரிச்சல் வந்தது. ஹெட்லைட் வெளிச்சம் படத்தைக் கெடுத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. போனால் போகிறது, வண்டி நகர்ந்ததும் இன்னொன்று எடுக்கலாம் என்று நின்றேன்.

அதற்குள் போர்டு அணைந்துவிட்டது. வண்டிச் சத்தம் கேட்டு ராசு அண்ணன் சுவிட்சை அணைத்திருந்தார். ஓட்டிவந்த இளைஞன் குதித்து ஓடி இரும்புக் கேட்டைத் தட்டினான். பின்னால் தார்ப்பாய் போட்ட பகுதியிலிருந்து இன்னொருவர் இறங்கினார். இரண்டு பேரும் ஒரு பெண்ணைத் தாங்கி இறக்கினார்கள். அவள் வயிற்றைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

கேட்டைத் தட்டினார்கள், தட்டிக்கொண்டே இருந்தார்கள். ராசு அண்ணன் வரவில்லை. பயந்துகொண்டு பின்னாலேயே நின்றிருக்கிறார். கடைசியில் வந்தபோது அவர் சொன்னது சாலையைத் தாண்டி எனக்குக் கேட்டது.

"ஆஸ்பத்திரி மூடி ஒரு வருசமாச்சுய்யா!"

"லைட்டு எரிஞ்சுதேண்ணே!"

"எந்த லைட்டு? இங்க கரண்டே கெடையாது. எங்கயோ பாத்துட்டு வந்து..."

"இப்பத்தாண்ணே எரிஞ்சுது! என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

பின்னாலிருந்து இறங்கியவர் அண்ணாந்து பார்த்தார். போர்டு இருட்டாக இருந்தது. அவர் அந்த இளைஞனின் தோளைப் பிடித்துத் தள்ளினார். அந்தப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கி மறுபடி வண்டியில் ஏற்றவே நேரமானது.

நான் ஏன் சாலையைத் தாண்டிப் போகவில்லை என்று எழுத முயன்று மூன்று முறை அடித்துவிட்டேன். லாரிகள் வந்துகொண்டிருந்தன என்று எழுதினேன். தாண்ட முடியாத அளவுக்கு வரவில்லை. கேமராவை விட்டுவிட்டுப் போக முடியாது என்று எழுதினேன். பக்கத்திலேயே பங்க்சர் கடை இருந்தது, அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். கடிதம் இல்லாமல் விளக்கைப் போடச் சொன்னது தெரிந்தால் வேலை போகும் என்று பயந்தேன். இது உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது.

வண்டி வெளியே வந்து டவுன் பக்கம் திரும்பியபோது மணி ஏழு ஒன்பது. அந்த நேரம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அப்போது நான் நாலாவது படத்தை எடுத்தேன். அணைந்த போர்டின் படம். எடுக்க வேண்டும் என்று விதி இருந்தது, எடுத்தேன். அதில் அந்த வண்டியின் சிவப்புப் பின்விளக்கும் விழுந்திருக்கிறது. உள்ளே வந்ததிலிருந்து வெளியே போனதுவரை பதினாறு நிமிடம்.

சார் அந்தப் படங்களைப் பார்த்தபோது மூன்றாவதில் பென்சிலை வைத்து, "வண்டி குறுக்க வந்துருச்சா?" என்றார். "ஆமாம் சார்" என்றேன். "பரவால்ல, எழுத்து தெரியுது" என்றார். போர்டு ஒரு வாரத்தில் இறங்கியது. அதன்பின் எந்த ஊரில் சுவிட்சைப் போடச் சொன்னாலும் முதலில் சாலையில் வண்டி வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்ப்பேன். ஐந்தாம் மாதத்தில் உடம்பைக் காரணம் சொல்லி வேலையை விட்டேன்.

இதை இத்தோடு மறந்திருப்பேனோ என்னவோ. என் மகளுக்கு இப்போது பதினாலு மாதம். ஆறு வாரத்துக்கு முன்பு அவளுக்குச் சளி என்று அரியலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பக்கத்து அறையில் வளர்ச்சி குறைந்த குழந்தைகளுக்குக் கை கால் பயிற்சி கொடுப்பார்கள்; பெரம்பலூர் பக்கத்திலிருந்தும் வருவார்கள். இரண்டு வரிசைக்கும் ஒரே பெஞ்சுதான். என் அருகில் ஒரு பெண் மடியில் பையனைச் சாய்த்துப் பிடித்திருந்தாள்.

"எத்தன மாசம் பாப்பாவுக்கு?"

"பதிமூணுங்க."

"நடக்குதா?"

"சுவரப் புடிச்சுக்கிட்டு..." என்று சொல்லத் தொடங்கி, அவள் பையனைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"சும்மா சொல்லுங்க. எனக்கு ஒன்னும் இல்ல. இவனுக்கு ஒன்னே முக்கா. இப்பத்தான் கழுத்து நிக்குது. போன மாசம் வரைக்கும் அதுவும் இல்ல." பையனின் வாயோரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "டேய், அக்காவப் பாரு. எப்படி முழிக்குது பாரு."

என் மகள் இளையவள் என்று நான் திருத்தவில்லை. பெயர் வளர்மதி என்றாள். வேப்பந்தட்டைப் பக்கம் வயலில் வீடு. வலி வந்தபோது கொழுந்தன் செல்வம் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு கிளம்பியதைச் சொன்னாள். அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்கு அதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. எழுந்து போயிருக்கலாம். எழவில்லை.

"மூடிக் கெடந்த ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டுபோய் நிறுத்திட்டான். பச்ச லைட்டு எரிஞ்சுதுங்கிறான். வாட்ச்மேன் கரண்டே இல்லங்கிறாரு. நாங்க பாக்குறோம், கும்மிருட்டு. என் மூத்தவளுக்கு அங்கதான் பாத்தோம், அந்த நெனப்புல திருப்பிட்டேன்னு ஒத்துக்கிட்டாலும் மனசு ஆறிடும். ஒத்துக்க மாட்டேங்கிறானே."

"அவரு என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

"கோயில்ல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணான். எங்க வூட்டுக்காரரு நம்பல. குடிச்சிருப்பான்னுட்டாரு. குடிக்கிற புள்ள இல்லங்க அது. ஆனா நானும் வாயத் தொறக்கல. இப்ப வண்டிய வித்துட்டு வெளியூர்ல லோடு ஏத்துறான். பொங்கலுக்குக் கூட வரல." பையனின் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "அவன்தான் இவனுக்குப் பேரு வைக்கணும்னு சொல்லிட்டுத் திரிஞ்சான்" என்றாள்.

சீக்கிரம் வந்திருந்தால் சரியாகியிருக்கும் என்று டாக்டர்கள் சொன்னார்களா என்று கேட்டேன்.

"ஒருத்தரு அப்பிடிங்கிறாரு. இன்னொருத்தரு, அதுக்கு முன்னாடியே உள்ள ஏதாச்சும் ஆயிருக்கலாம்மாங்கிறாரு. யாரக் கேட்டு என்ன?"

அவளை உள்ளே கூப்பிட்டார்கள். "பாப்பாவுக்குக் காதுல குளிர் படாமப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அன்று இரவு என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதி ஷிப்டுத் தூக்கத்தில் இருந்தார். "நீ வேணும்னா பண்ணுன? அந்த வாட்ச்மேன் பொழப்பு வேற போயிரும். விடு" என்றார். மறுவாரம் பெரம்பலூர் போய்ப் பார்த்தேன். பாத்திரக்கடையில் ராசு அண்ணன் இல்லை. போன வருடமே மகனோடு ஓசூர் போய்விட்டாராம். அந்தச் சாக்கும் எனக்கு இல்லை.

சாருக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டார். கடைசியில், "டாக்டரம்மாகிட்ட லெட்டர் வாங்கல, இல்ல?" என்றார்.

"இல்ல சார்."

"வருசமெல்லாம் நாலாவது எழுத்து எரிஞ்சுதா எரியலையான்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார். "அந்தப் படம் ஆபீஸ்ல இருக்கு. உனக்கு வேணும்னா எடுத்துக்கம்மா."

என்னிடமே பிரதி இருந்தது. அரியலூரில் ஒரு ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டேன். போர்டின் எல்லா எழுத்தும் பச்சையாக எரிகிறது. கீழே குட்டியானை திரும்புகிறது. வண்டி எண் தெளிவாக இருக்கிறது. ஓரத்தில் நேரமும் இருக்கிறது. செல்வம் பார்த்தது உண்மை என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் படம்தான். அவர் சூடம் அணைத்துச் சொன்னதை நான் ஒரு பொத்தானை அழுத்தி எடுத்து வைத்திருந்தேன்.

கொடுக்கலாமா வேண்டாமா என்று நான் கேட்கவில்லை. கொடுக்கப்போகிறேன். தபாலில் பெயரில்லாமல் அனுப்பலாம் என்று ஒரு நாள் நினைத்தேன்; ஆஸ்பத்திரியில் விசாரித்து உறையில் முகவரிகூட எழுதிவிட்டேன். பிறகு கிழித்துவிட்டேன். யார் போடச் சொன்னார்கள், யார் எதிர்ப்புறம் நின்று பேசாமல் இருந்தார்கள் என்பது தெரியாவிட்டால் அந்த வீட்டில் இன்னொரு சண்டைதான் வரும். நேரில் போய் என் வாயால் சொல்ல வேண்டும்.

இதைப் படிப்பவர்களிடம் நான் கேட்பது அதற்குப் பிறகு வருவதைப் பற்றித்தான். முதலில் செல்வத்தைத் தேடிப் போய்ச் சொல்வதா, வளர்மதியிடம் சொல்வதா? அவர்கள் திட்டினால் கேட்டுக்கொள்வேன். சாபம் விட்டால் அது என்னோடு நிற்குமா என்று பயமாக இருக்கிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். இதையெல்லாம்கூட எப்படியோ சமாளித்துவிடுவேன். ஒரு விஷயத்தில்தான் கால் எடுத்து வைக்க முடியாமல் நிற்கிறேன். கணவருக்கு ஷிப்ட். என் அம்மா வீடு தூரம். மகளை அரைநாள் விட்டுவிட்டுப் போக இந்த ஊரில் எனக்கு ஆள் கிடையாது. போனால் அவளையும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அவள் இப்போது எங்கே இறக்கிவிட்டாலும் எழுந்து நிற்கிறாள். அந்த வீட்டு வாசலில், அந்தப் பையனுக்கு எதிரில், அவளை நான் கீழே இறக்கிவிடலாமா? பிள்ளை பெற்றவர்கள் யாராவது சொல்லுங்கள்.